இரண்டு முதல் பன்னிரண்டு வரை

மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'ஒண்ணாம் நம்பர்'. பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். வயிற்றெரிச்சல் தாங்காமல் வைத்த பெயர் அது.

அவள் நடத்தும் பாடம் உடற்கூறியல், அதிலும் நரம்புகள். முதுகுத்தண்டிலிருந்து புறப்படும் முப்பத்தொரு ஜோடி நரம்புகளால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. எல்லாம் ஒரே வார்ப்பு, எல்லாம் கலப்பு. உணர்வை உள்ளே கொண்டு போகும், அசைவை வெளியே கொண்டு வரும், கொடுத்த வேலையைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கும். தலைக்குள்ளிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடிதான் பிடுங்கல். ஒன்று உணர்வு மட்டும் என்னும், இன்னொன்று அசைவு மட்டும் என்னும், வேறொன்று இரண்டும் என் பொறுப்பு என்னும். பத்தாவது, கழுத்தைத் தாண்டி நெஞ்சு, வயிறு என்று ஊர் சுற்றக் கிளம்பிவிடும். இந்தப் பன்னிரண்டில் முதலாவது முகர்வு நரம்பு. வாசனையைத் தவிர அதற்கு வேறு ஜோலி கிடையாது.

அதனாலேயே அதை எவரும் சோதிப்பதில்லை. டாக்டர்களுக்குள் இது எழுதாத வழக்கம். நோயாளியின் கண்ணில் டார்ச் அடிப்பார்கள், பல்லைக் காட்டச் சொல்வார்கள், நாக்கை நீட்டச் சொல்வார்கள், 'இரண்டு முதல் பன்னிரண்டு வரை சரி' என்று கிறுக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். முதலாவதைப் பார்க்க வேண்டுமென்றால் கிராம்போ காப்பித்தூளோ வேண்டும். சட்டைப் பையில் கிராம்பு வைத்துக்கொண்டு எந்த டாக்டர் அலைகிறார்?

செய்முறைத் தேர்வில் எவனாவது அவள் முன்னால் இரண்டிலிருந்து ஆரம்பித்தால் தீர்ந்தான். "ஒண்ணு எங்கப்பா? லீவு போட்டிருக்கா?" என்று இனிமையாகக் கேட்பாள். அப்புறம் அவன் அடுத்த தடவைதான் எழுத வேண்டும். அவளிடம் இன்னொரு சட்டமும் உண்டு. கேள்வியிலேயே விடையை ஊட்டக் கூடாது. 'வலிக்குதா' என்று கேட்டால் நோயாளி உன் முகத்துக்காக ஆமாம் என்பான். 'என்ன தெரியுது' என்று கேள், அவன் வாயிலிருந்து வரட்டும். இந்த இரண்டு சட்டங்களால் அந்தக் கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவர்கள் ஏராளம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ஒரு மூக்கு. கேலி இல்லை, அவருடைய உத்தியோகமே அதுதான். சோப்புத் தொழிற்சாலையில் சோப்புக் காய்ச்சும் ஒவ்வொரு கொப்பரையும் இறங்கியதும், காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்து பார்த்து, மணம் சரியாக இருக்கிறதென்று தலையாட்ட வேண்டும். அவர் தலையாட்டாமல் ஒரு கட்டி சோப்பு வெளியே போகாது. தொழிற்சாலையில் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை அவரை 'மூக்கர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

மூக்கர் வீட்டிலும் மூக்கராகத்தான் இருந்தார். சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையைப் பிடித்து இழுத்து மூக்கருகே வைத்துக்கொள்வார். பிண மேசையிலும் உறுப்பு ஜாடிகளிலும் உடலைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் வாடை, எத்தனை கழுவினாலும் விரலிடுக்கை விட்டுப் போகாது.

"இன்னிக்கு ஜாடியைத் தொறந்திருக்க. மேசைப் பக்கம் போகல. ரெண்டு தடவை கழுவியிருக்க, ரெண்டாவது தடவை சோப்பு சரியாப் போடல" என்பார்.

"பொண்டாட்டியை மோப்பம் பிடிக்கிற புருஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று அவள் கையைப் பிடுங்கிக்கொள்வாள். பிடுங்கிக்கொள்வதற்கு முன் கொஞ்சம் தாமதிப்பாள். அது இருவருக்கும் தெரியும்.

அந்த வழக்கம் நின்றுபோயிற்று.

என்றைக்கு நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் கதவைத் திறந்து, "வந்துட்டியா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். களைப்பு போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் பார்த்தாள். வேண்டுமென்றே செருப்பை மெதுவாகக் கழற்றினாள், கையை அவர் பக்கமாக நீட்டிக் கதவைப் பிடித்தாள். மனிதர் பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போனார். இருபது வருஷம் ஒரே கையைப் பிடித்தவருக்கு அலுத்துப் போயிருக்கலாம் என்று முதலில் தோன்றியது. அலுத்த கைக்குப் பதில் வேறு கை கிடைத்திருக்கலாம் என்று அப்புறம் தோன்றியது. இரண்டாவது நினைப்பு வந்த பிறகு முதலாவது இருந்த இடம் தெரியவில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் அதற்குச் சாப்பாடு போட ஆள் தேட வேண்டியதில்லை. வீட்டிலேயே கிடைத்தது. சென்ட் பூசுகிறவர்களைக் கண்டாலே முகம் சுளிக்கிற மூக்கர், வேலைக்குக் கிளம்பும்போது சட்டையில் சென்ட்டைக் கொட்டிக்கொண்டார். அவர் இறங்கிப்போன பிறகும் மாடிப்படி மணத்தது. துவைக்கப் போட்ட சட்டையின் பையிலிருந்து காகிதப் பட்டை விழுந்தது, மல்லிகை மணத்தோடு. தொழிற்சாலைப் பட்டையை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்ததே கிடையாது. போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கேட்டால் "ஆபீஸ்" என்றார்.

ஆபீஸில் புதிதாக ஒரு லேப் பெண் சேர்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். மூக்கரே சொன்னதுதான். "நல்ல மூக்கு அந்தப் பொண்ணுக்கு" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அவர் வாயால் இன்னொருவர் மூக்கைப் புகழ்ந்து அவள் கேட்டதே இல்லை.

தங்கையிடம் போனில் மெல்ல இழுத்தாள். தங்கைக்குப் பாதி சொன்னாலே போதும், மீதியை அவளே எழுதிவிடுவாள்.

"மாமா அந்த மாதிரி ஆளு இல்லக்கா" என்றாள் தங்கை. அக்காவுக்கு மூச்சு வந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அந்த வயசுல ஆம்பளைங்க திடீர்னு சென்ட் அடிக்க ஆரம்பிச்சா, அது பொண்டாட்டிக்காக இருக்காது." வந்த மூச்சு போய்விட்டது.

அன்றிலிருந்து அவள் மூக்கரை நரம்பு நரம்பாகக் கவனிக்கத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த துப்பறியும் முறை அதுதான். லேப் பெண் பேச்சை எடுத்தால் பார்வை கீழே தாழ்கிறதா? மூன்றாவது. சிரிப்பு வாயோடு நிற்கிறதா, கண் வரை போகிறதா? ஏழாவது. தொண்டையில் எச்சில் விழுங்குகிறாரா? ஒன்பதும் பத்தும். தோளைக் குலுக்கித் தட்டிக்கழிக்கிறாரா? பதினொன்று. நாக்கு குழறுகிறதா? பன்னிரண்டு. பார்க்கப் பார்க்க ஒவ்வொரு நரம்பும் அவர் கள்ளன் என்றே சாட்சி சொன்னது. எச்சில் விழுங்கினார், தோளைக் குலுக்கினார், சிரிப்பு வாயோடு நின்றது. முன்பு இப்படியா இருந்தார்? மழை நாளில் குளியலறையில் வழுக்கிப் பின்மண்டை சுவரில் இடிபட்டு விழுந்தபோதுகூட, தரையில் உட்கார்ந்தபடியே ஜோக் அடித்தவர் அவர். அவள் பதறிப்போய் அங்கேயே கண்ணில் டார்ச் அடித்து, விரலைப் பார்க்கச் சொல்லி, பல்லைக் கடிக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, காதருகே விரலைத் தேய்த்து, தோளைத் தூக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, "எல்லாம் சரியா இருக்கு, எந்திரிங்க" என்றாள். "பரீட்சை பாஸா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். அதெல்லாம் அந்த லேப் பெண் வருவதற்குக் கொஞ்சம் முன்பு. நல்ல காலம்.

ஒரு சனிக்கிழமை பால்கனிக் கதவு சரியாகச் சாத்தவில்லை.

"ரோஜா தூக்கலா இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லும்மா… மல்லி? சரி, அப்ப சரி" என்று மூக்கர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் குரலை இன்னும் தாழ்த்தினார். "நீ மட்டும் இல்லன்னா நான் அவ்வளவுதாம்மா. யார்கிட்டயும் சொல்லிடாத. வீட்ல தெரிஞ்சா…"

அவள் சமையலறையில் அடுப்பில் வைத்த பாலை மறந்து படுக்கையறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்ன செய்வது, எதைக் கேட்பது, எங்கே ஆரம்பிப்பது. கோபம் வருவதற்கு முன்னால் அழுகை வந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

கருகும் வாடை வந்து அவளை எழுப்பிற்று. ஓடினாள். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் அடிபிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி, எட்டிப் பிடிக்கும் தூரத்தில், சாப்பாட்டு மேசையில் மூக்கர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் அடுப்பை அணைத்தாள். "வீடே நாறுது. பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. மனசு எங்க இருக்கு? பால்கனியிலயா?"

மூக்கர் திரும்பிப் பாத்திரத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. பேப்பரை மெதுவாக மடித்தார்.

"எனக்கு வாசனை தெரியல" என்றார்.

"என்னது?"

"மூக்கு போயிடுச்சு. கொஞ்ச நாளாவே. உன்கிட்ட சொல்லணும்னுதான்…"

அவள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை. "மாட்டிக்கிட்ட அன்னிக்குப் பாத்து மூக்கு போச்சா? தினமும் தொழிற்சாலைக்குப் போறீங்க, சோப்புக்குத் தலையாட்டறீங்க. ஒரு புகார் வந்ததா?"

"அந்தப் பொண்ணு மோந்து பாத்து எனக்குச் சொல்லிடுது. நான் தலையாட்டறேன்."

"ஆக, அந்தப் பொண்ணு உண்டு."

"அய்யோ, அப்படி இல்ல…"

"முந்தாநேத்து குழம்பு மணக்குதுன்னு சொன்னீங்களே, அது எந்த மூக்கால?"

"பழக்கத்துல சொன்னேன்."

"இந்த சென்ட்டு?"

"எம்மேல வேர்வை வாடை வருதா இல்லையான்னு எனக்குத் தெரியாதே. பயத்துல அள்ளிப் பூசிக்கிட்டேன். பையில இருந்த பட்டை… ராத்திரியும் பகலும் அதை வெச்சுத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், ஏதாவது திரும்பி வருதான்னு."

எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் பொருந்துகிறது. அவள் மேலும் சந்தேகப்பட்டதற்கு அதுவே காரணம். நிஜம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது என்பது அவள் அனுபவம். புத்தகத்தில் உள்ளபடியே எல்லா அறிகுறியையும் ஒப்பிக்கிற நோயாளியை அவள் நம்பியதே இல்லை.

மேலும், இதற்கு அவள் கையில் ஒரு பொறி இருந்தது.

மூக்கு போச்சு என்று நடிக்கிறவனைப் பிடிக்க உடற்கூறியல்காரர்கள் கண்டுபிடித்து வைத்த பொறி அது. கிராம்பின் மணம் முதல் நரம்பு வழியாகப் போகிறது. அம்மோனியா அப்படி இல்லை. அதன் காரம் மூக்கின் உள்தோலைக் குத்தும், அந்தக் குத்தலைக் கொண்டு போவது முகத்தின் தொடு உணர்வுக்கெல்லாம் அதிகாரியான ஐந்தாவது நரம்பு. முதலாவது நிஜமாகவே செத்துப்போனவன் கிராம்புக்குச் சும்மா இருப்பான், அம்மோனியாவுக்குத் துள்ளுவான். நடிக்கிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எதை நீட்டினாலும் ஒன்றும் தெரியவில்லை என்று சாதிப்பான். அங்கே அகப்படுவான். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது அவளுக்கே ஒரு குஷி வரும்.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். மூக்கரை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"கண்ணை மூடுங்க."

பள்ளிக்கூடப் பையனைப் போல மூடிக்கொண்டார். கிராம்பை நசுக்கி மூக்கருகே பிடித்தாள். "வாசனை தெரியுதா?"

"இல்ல."

காப்பித்தூள். "வாசனை தெரியுதா?"

"இல்ல."

பாட்டிலைத் திறந்து நீட்டினாள். மூக்கரின் தலை பின்னுக்குப் போயிற்று. மூடிய இமைகளுக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"வாசனை தெரியுதா?" என்றாள்.

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கொஞ்சம்கூட?"

"சத்தியமா இல்ல. கொஞ்சம்கூட இல்ல."

அவள் பாட்டிலை மூடினாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் இல்லை என்கிறது. இதைவிடத் தெளிவாக ஒருவன் பிடிபட முடியாது.

மூக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஆவலாகப் பார்த்தார். "இப்பவாவது நம்புறியா?"

"நல்லாப் புரிஞ்சுபோச்சு" என்றாள் அவள். "நாளைக்கு சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வரதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"நான் என்ன தப்பா சொன்னேன்?"

"பொய்யை மோந்து பாக்க எனக்கு உங்க மூக்கு வேண்டாம். அதுக்குன்னு நான் படிச்சிருக்கேன்."

அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. "நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா" என்று மட்டும் சொன்னார். குத்தலாகச் சொன்னாரா, ஒப்புக்கொண்டு சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. குற்றவாளிதான் இப்படிச் சீக்கிரம் அடங்குவான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினாள். கூடத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் அதைக் கொண்டு வந்து வைத்தாள். எல்லோரும் என்றால் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

மறுநாள் செய்முறைத் தேர்வு. முகம் வீங்கியிருந்ததால் ஒண்ணாம் நம்பர் இன்றைக்கு இன்னும் கடுமையாக இருக்கும் என்று மாணவர்கள் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மாணவர்களே ஒருவருக்கொருவர் நோயாளியாக உட்கார வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு மாணவி முன்னால் வந்தாள். அவளுக்கு நோயாளியாக வாய்த்தவன் கடும் ஜலதோஷத்தோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடிப் பெண் ஒழுங்காக ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். கிராம்பை நீட்டினாள்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல" என்றான் அவன் அடைத்த மூக்கோடு.

கண்ணாடிப் பெண் ஓரக்கண்ணால் மேடத்தைப் பார்த்துவிட்டு, அடுத்துச் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தாள். அம்மோனியா பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"என்ன தெரியுது, சொல்லு."

அவன் "ஆ!" என்று தலையை இழுத்துக்கொண்டான். "உள்ள சுருக்குனு குத்துது. கண்ணெல்லாம் எரியுது."

"வாசனை முதல் நரம்புக்குப் போய்ச் சேரல மேடம், ஜலதோஷத்தால. ஐந்தாவது நல்லா இருக்கு" என்றாள் கண்ணாடிப் பெண்.

மேடம் மார்க் போடவில்லை. பேனாவைப் பிடித்தபடி அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தம்பி, உனக்கு வாசனை ஏதாவது தெரிஞ்சுதா?"

"வாசனையா? இல்ல மேடம்."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல மேடம். எரிச்சல்தான்." அவனுக்குப் பயமாகப் போயிற்று. "நிஜமா மேடம்."

"தெரியும்ப்பா" என்றாள். "நீ நிஜத்தைத்தான் சொல்ற."

நேற்று வாசனை தெரிகிறதா என்று அவள் மூன்று தடவை கேட்டாள். இல்லை என்று மூன்று தடவையும் அந்த மனிதர் உண்மையைச் சொன்னார். எரிகிறதா என்று அவள் கேட்கவே இல்லை. என்ன தெரிகிறது என்றும் கேட்கவில்லை. ஆண்டுக்கணக்காக யாரையெல்லாம் எதற்காக ஃபெயில் ஆக்கினாளோ அதையே வீட்டு நாற்காலியில் வைத்துச் செய்திருந்தாள். ஏனென்றால் அவளுக்கு வேண்டியது விடை இல்லை, தீர்ப்பு. அதை அவள் பாட்டிலோடு சேர்த்துக் கைப்பையில் கொண்டு போயிருந்தாள்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. அடுத்து வந்த மாணவன் பதற்றத்தில் நேராக டார்ச்சை எடுத்துப் பையனின் கண்ணில் அடித்தான். பல்லைக் கடிக்கச் சொன்னான், சிரிக்கச் சொன்னான், தோளைத் தூக்கச் சொன்னான், நாக்கை நீட்டச் சொன்னான். "இரண்டு முதல் பன்னிரண்டு வரை சரி மேடம்" என்றான்.

அறையில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த 'லீவு' கேள்விக்காகக் காத்திருந்தார்கள். கேள்வி வரவில்லை. அவள் கண் முன்னால் ஈரமான குளியலறைத் தரை இருந்தது. டார்ச், விரல், பல், சிரிப்பு, காது, தோள், நாக்கு. எல்லாம் சரியா இருக்கு, எந்திரிங்க.

பின்மண்டையில் அடிபட்டால் மூளை முன்னுக்குப் பாய்ந்து உலுக்கும். முகர்வு நரம்பின் இழைகள் நூலை விட மெல்லியவை, மூக்கின் கூரையில் உள்ள சல்லடை எலும்பின் ஓட்டைகள் வழியாக மேலே ஏறுபவை. அந்த உலுக்கலில் அவை அறுந்துபோகலாம். வெளியே ஒரு கீறல் இருக்காது. முதல் நரம்பைச் சோதித்தால்தான் தெரியும். அந்தத் தரையிலிருந்து ஐந்து எட்டில் சமையலறை, அங்கே அலமாரியில் கிராம்பு டப்பா.

"நான் இன்னிக்கு யாருக்கும் மார்க் போடற நிலைமையில இல்ல" என்று பக்கத்திலிருந்த பேராசிரியரிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு எழுந்தாள். படிக்கட்டில் இறங்கும்போது அழுதாள். அந்தப் படிக்கட்டுக்கு அது பழக்கம்தான்.

வழியெல்லாம் சந்தேகம் கூடவே வந்தது, முகம் மட்டும் மாறியிருந்தது. அறுந்த இழைதானா? அல்லது உள்ளே ரத்தம் கட்டி அழுத்துகிறதா? முதல் நரம்புக்கு நேர் மேலே இருப்பது மூளையின் முன்பகுதி. அவர் பேச்சு குறைந்தது, சிரிப்பு வாயோடு நின்றது எல்லாம் பயத்தால்தானா, வேறு எதாலாவதா? இத்தனை நாளும் இன்னொரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இதைத் தேடியிருக்கலாம்.

கதவைத் திறந்தவர் மூக்கர்தான். வேலைக்குப் போகவில்லை. அவளைப் பார்த்ததும் கூடத்துப் பெட்டியைப் பார்த்தார்.

"சாயங்காலம்னு சொன்ன. அதுக்குள்ள வந்துட்டியே. வண்டி கூப்பிடட்டுமா?"

"உக்காருங்க. ஒண்ணு கேக்கணும்."

அவர் தயக்கத்தோடு அதே நாற்காலியில் உட்கார்ந்து, தானாகவே கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

"கண்ணைத் தொறங்க. பாட்டில் எல்லாம் ஒண்ணுமில்ல. நேத்து கடைசியா ஒண்ணை நீட்டினேனே, அப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுதா? ஊசியை விட்டு ஆட்டின மாதிரி இருந்துச்சு. கண்ணுல தண்ணி கொட்டிச்சு. நீதான் பாத்துக்கிட்டு இருந்தியே."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ வாசனையைத்தானே கேட்ட?" என்றார் மூக்கர். "அது வாசனை இல்லயே. தப்பா ஏதாவது சொல்லி நீ நம்பாமப் போயிடுவியோன்னு, கேட்டதுக்கு மட்டும் சரியா பதில் சொன்னேன்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். குளியலறையில் நடந்ததைச் சொன்னாள். ஒன்றைப் பார்க்காமல் இரண்டிலிருந்து ஆரம்பித்ததைச் சொன்னாள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும், எதற்காக என்றும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப நீயே ஃபெயிலா?" என்றார் கடைசியில்.

"ஃபெயில்தான்."

"வாசனை திரும்பி வருமா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம் அது. "வரலாம். வராமலும் போகலாம்" என்றாள். "என்கிட்ட ஏன் மொதல்லயே சொல்லல? அந்தப் பொண்ணுக்குச் சொல்லத் தெரிஞ்சுதே."

"அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சா வேலைதான் போகும்" என்றார். "ஒருநாள் வாசல்ல உன் கையை எடுத்தேன். ஒண்ணுமே இல்ல. ஜாடியும் இல்ல, மேசையும் இல்ல, சோப்பும் இல்ல. யாரோ கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு உளறிச் சமாளிச்சேன், நீ கவனிக்கல. மறுநாளும் ஒண்ணுமில்லன்னா என்ன பண்றதுன்னு பயந்துபோய்க் கையை எடுக்கறதையே விட்டுட்டேன். எடுக்காத வரைக்கும் இருக்குன்னு நெனச்சுக்கலாமில்ல?"

பையில் போன் அடித்தது. தங்கையாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, இப்போதுதான் வந்தவளைப் போலக் கதவருகே நின்றாள். மூக்கர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்து எழுந்து வந்தார். அவள் கையை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். நெடுநேரம் மூச்சை இழுத்தார்.

"என்ன தெரியுது?" என்றாள் அவள்.

"ஈரமா இருக்கு. கண்ணைத் துடைச்ச கை." இன்னொரு தடவை இழுத்தார். "அப்புறம், நடுங்குது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தெரியுது" என்றார் மூக்கர். கையை விடவில்லை. அவளும் பிடுங்கிக்கொள்ளவில்லை.